ரெட்வுட் காட்டுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

உலகத்திலேயே உயரமாக வளரும் மரமான ரெட்வுட், அந்த மரம் நிற்கும் வட கலிஃபோர்னியக் காடுகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 'செம்மரம் என்று தமிழில் எழுதக் கூடாதா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செம்மரம் என்றால் நமக்குத் தெரிந்தது வேறு மரம். குழப்பம் வேண்டாமே என்று ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். ஜூலையில் அம்மா வருகிறார். வயது 72, முழங்கால் வலி உண்டு. பக்கத்தில் இருக்கும் மியூர் உட்ஸைக் காட்டினால் போதுமா, வடக்கே வரை போக வேண்டுமா?

கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் மியூர் உட்ஸுக்கே போங்கள். அதுவும் அசல் பழங்காடுதான். 1908-ல் தியோடர் ரூஸ்வெல்ட் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்ததால் கோடாரிக்குத் தப்பியது. பிரதான நடைபாதை சமதளமாக இருக்கும், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. காருக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், 2018-லிருந்து அது கட்டாயம். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் நுழைவுக் கட்டணம் தனி. அங்கே போன் சிக்னல் கிடைக்காது. முன்பதிவுச் சீட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கே உள்ளே போய்விட்டால் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் காடு உங்களுடையது.

ஆனால் இரண்டு இரவு ஒதுக்க முடியும் என்றால், தயவுசெய்து வடக்கே போங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பது போலவே எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் போனபோது ஒரே நாளில் ஃபெர்ன் கேன்யன், டால் ட்ரீஸ் தோப்பு, ஸ்டௌட் தோப்பு மூன்றையும் பார்ப்பதாகத் திட்டம் போட்டோம். டால் ட்ரீஸ் தோப்புக்கு இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதே தெரியாது. பூட்டிய கதவு வரை போய்த் திரும்பினோம். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது கார் சீட்டும் வளைந்து வளைந்து போகும் சாலையும்தான்.

அடுத்த தடவை என் அம்மாவோடு போனேன். ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்காவில் உள்ள ஃபவுண்டர்ஸ் தோப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். சுற்றுப்பாதை அரை மைல்தான், மேடு பள்ளம் இல்லை. அதற்கே எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அங்கே டயர்வில் ஜயன்ட் என்ற மரம் விழுந்து கிடக்கிறது. நிற்கும்போது 360 அடிக்கு மேல் உயரம். 1991 மார்ச்சில் சாய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒருவர் ரயில் விபத்து என்று நினைத்தாராம். அடிப்பக்கம் போய் நின்றால், படுத்த நிலையிலேயே அது நம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்து உயரம் புரிவதில்லை, கழுத்துதான் வலிக்கிறது. விழுந்த மரத்தின் ஓரமாக வேரிலிருந்து நுனி வரை நடந்து பார்த்தால்தான் கால் அந்த நீளத்தை அளந்து சொல்கிறது.

அம்மா கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் குனிந்தார். 'இது புளியாரை மாதிரி இருக்கே!' என்றார். உண்மைதான். ரெட்வுட் மரத்தடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் அந்தச் செடி புளியாரைக் குடும்பம்தான், இலை மட்டும் பெரிது. நிழலுக்கே பழகிய இலை அது. மேலே கிளை விலகி ஒரு துண்டு வெயில் விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று இதழையும் குடை மாதிரி கீழே மடக்கிக்கொள்ளும். வெயில் நகர்ந்ததும் மறுபடி விரிக்கும். நாங்கள் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தோம். பறிக்க மட்டும் கூடாது, பூங்காவுக்குள் எதையும் பறிக்கக் கூடாது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். சான் ஹோசேயிலிருந்து ஃபவுண்டர்ஸ் தோப்புக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. முதல் நாள் மெதுவாகப் போய்ச் சேருங்கள். 101 நெடுஞ்சாலைக்கு இணையாக அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ் என்று 31 மைல் பழைய சாலை இருக்கிறது, கட்டணம் கிடையாது. முழங்கால் ரொம்பத் தொந்தரவு கொடுத்தால் காரில் உட்கார்ந்தபடியே அம்மா பாதிக் காட்டைப் பார்த்துவிடலாம். இன்னும் ஒரு நாள் சேர்க்க முடிந்தால் இன்னும் வடக்கே ஓரிக் என்ற ஊர்ப் பக்கம் போங்கள். ப்ரெய்ரி க்ரீக்கில் 'பிக் ட்ரீ' மரம் கார் நிறுத்துமிடத்துக்குக் கிட்டத்திலேயே நிற்கிறது. லேடி பர்ட் ஜான்சன் தோப்பு ஒன்றரை மைல் சுற்று, ஏற்றம் குறைவு.

ஜூலைதானே என்று பருத்திப் புடவையோடு கூட்டிப் போய்விடாதீர்கள். ஸ்வெட்டர் கட்டாயம். கோடையில்தான் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். லேடி பர்ட் ஜான்சன் தோப்பில் ஒரு ஆகஸ்ட் காலை: சாலை காய்ந்து கிடக்கிறது, மரத்தடியில் மட்டும் சொட்டுச் சொட்டென்று மழை. ஊசி இலைகள் பனியைப் பிடித்துத் தண்ணீராக்கிக் கீழே விடுகின்றன. மழையே பெய்யாத மாதங்களில் இந்த மரங்கள் பிழைப்பது அதனால்தான். சில இடங்களில் வருடத்துக்கு வரும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கிடைப்பது.

கேள்வி: உலகத்திலேயே உயரமான மரம் ஹைபீரியனைப் பார்க்க வழி சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 115 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மரம் 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பாதையே கிடையாது. ஆனாலும் ஆட்கள் தேடித் தேடிப் போனார்கள். அடியில் இருந்த ஃபெர்ன் செடிகள் மிதிபட்டே அழிந்தன, சுற்றிலும் குப்பை சேர்ந்தது. 2022-ல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அபராதத்தைவிட எனக்கு முக்கியம் வேர். இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு அடி ஆழம்தான். பக்கவாட்டில் நூறு அடி வரை ஓடி, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. அந்த மண்ணை ஆயிரம் பேர் மிதித்து இறுக்கினால் தண்ணீர் எப்படி இறங்கும்?

ஜெடடையா ஸ்மித் பூங்காவில் உள்ள குரோவ் ஆஃப் டைட்டன்ஸுக்கும் இதே கதி வந்தது. அங்கே தரையில் கால் படாமல் உயர்த்திக் கட்டிய நடைபாதை போட்டு 2022-ல் திறந்தார்கள். பெரிய மரம்தான் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போங்கள். போகும் ஹவ்லண்ட் ஹில் சாலை பெரும்பகுதி மண் சாலை, குறுகல், வீடு மாதிரி வசதியுள்ள பெரிய RV வண்டிகளுக்கு ஏற்றதல்ல.

கேள்வி: ஜெனரல் ஷெர்மன் மரமும் அதே காட்டில்தானே இருக்கிறது?

இல்லை. அது ஜயன்ட் செக்கோயா, ரெட்வுட்டுக்கு உறவு, ஆனால் வேறு மரம். இருப்பது சியெரா நெவாடா மலையில். அது பருமனுக்குப் பெயர் போனது, கடலோர ரெட்வுட் உயரத்துக்கு. இரண்டையும் ஒரே வார இறுதியில் அடக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: குழந்தைகளோடு போகிறோம். கட்டுச்சாதம் கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

சாப்பாட்டு மேசை போட்டிருக்கும் இடத்தில் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு பருக்கைகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னால் ஒரு பறவை இருக்கிறது. மார்பில்ட் மர்லெட் என்று பெயர். கடலில் மீன் பிடித்து வாழும் சின்னப் பறவை, முட்டை இட மட்டும் பழங்காட்டுக்குள் வரும். கூடு கட்டாது. பாசி படிந்த பெரிய கிளை ஒன்றில் ஒரே ஒரு முட்டை, அவ்வளவுதான். அது எங்கே முட்டையிடுகிறது என்பது ரொம்ப காலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1974-ல் பிக் பேசின் பூங்காவில் மரம் ஏறிய ஒருவர் கண்ணில் தற்செயலாகப் பட்டது. நாம் சிந்தும் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் கூட்டம் சேர்கின்றன. சாப்பிட்டு முடித்து, அப்படியே மேலே போய் அந்த ஒற்றை முட்டையையும் தின்றுவிடுகின்றன. குழந்தைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். என் பிள்ளைகள் சிப்ஸ் துகளைக்கூட விரலால் ஒற்றி எடுத்தார்கள்.

அப்புறம், வால்ட் டிஸ்னி படங்களில் வருவது போல நாயையும் காட்டுக்குள் கூட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நடைபாதைகளில் அநேகமாக எங்குமே நாய்க்கு அனுமதி இல்லை.

கேள்வி: பிக் பேசின் எரிந்துபோனதே, இனி அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 1902-ல் உருவான பூங்கா அது, கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் மூத்தது. 2020 ஆகஸ்ட்டில் மின்னல் மூட்டிய தீயில் பூங்காவின் 97 சதவீதம் தீப்பட்டது. அலுவலகக் கட்டடங்கள் சாம்பலாயின. செய்தி கேட்ட அன்று நான் அழுதேன். ஆனால் பழைய ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை சாகவில்லை. ஒரு அடி வரை தடித்த பட்டை உள்ளுயிரைக் காத்துவிட்டது. பட்டைக்கு அடியில் பல பத்தாண்டுகளாக உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொண்டன.

2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். அந்த வருடமே போனேன். கிளையெல்லாம் எரிந்துபோய்க் கரிய தூணாக நின்ற மரத்தின் உடம்பு முழுக்க, அடியிலிருந்து உச்சி வரை, பச்சைத் துளிர் கம்பளி போர்த்தினாற்போல் முளைத்திருந்தது. வேறு எந்தப் பூங்காவிலும் இதைப் பார்த்ததில்லை. இப்போது நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்த முன்பதிவு செய்துகொள்வது நல்லது. மரத்தைத் தொட்டால் கையில் கரி ஒட்டும், துடைக்க ஒரு பழைய துண்டு போதும்.