352 மார்க் வாங்கிய பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

(வாசகர் கேள்விகளுக்கு, அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து மேற்படிப்பு பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். முதல் மார்க் வாங்கியவர்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆகவே இந்த முறை நடுத்தர மார்க் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என் மகன் பிளஸ் டூவில் 600-க்கு 352. தமிழ் 78, ஆங்கிலம் 55, இயற்பியல் 52, வேதியியல் 58, கணிதம் 49, கணினி அறிவியல் 60. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது, மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருகிறேன், இந்த வாரமே 25,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் போன் மேல் போன் போடுகிறார். கட்டலாமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட இப்போது யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர். பொறியியலில் 2021 முதல் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் உங்கள் மகன் மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளோடும் மோத வேண்டியதில்லை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும்தான் போட்டி. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கும் தனியாகக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இவையெல்லாம் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில், அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடத்தில், போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டுமே கிடையாது. உங்களுக்குப் போன் போடுகிறவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். முழுக் கட்டணத்தையும் நீங்கள் கையிலிருந்து கட்டினால்தான் அவருக்கு வரவேண்டியது வரும்.

இப்போது மார்க் ஷீட்டை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். 352 என்ற கூட்டுத்தொகையை எந்தக் கல்லூரியும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

பொறியியல் கலந்தாய்வில் கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு. 49, அப்புறம் 52-இல் பாதி 26, 58-இல் பாதி 29. மொத்தம் 200-க்கு 104. இதைத்தான் கட்-ஆஃப் மார்க் என்கிறார்கள். இது விண்ணப்பிக்கத் தகுதியான மார்க்தான். பொதுப் பட்டியலில் கடைசிச் சுற்றில் வரும், 7.5 சதவீதப் பட்டியலில் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டுவார்கள். உங்கள் மகனுக்கு அது 400-க்கு 219. பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்தால் தமிழ் மார்க்தான் கணக்கு, நூற்றுக்கு 78. ஒரே மார்க் ஷீட் இங்கே 104, அங்கே 219, இன்னோர் இடத்தில் 78. போன் போட்டவர் இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் "ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்.

கிடைக்குமா என்ற கேள்வி முடிந்தது. தேறுவாரா என்று பாருங்கள், எனக்கு அதுதான் கவலை. பி.இ. முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் என்று கணிதத் தாள் வரும். பிளஸ் டூ கணிதத்தில் 49 வாங்கியவருக்கு அது எளிதாக இருக்காது. உழைத்தால் தாண்டலாம், தாண்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆசிரியர் சரியாக இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் முதல் வருஷமே நான்கைந்து அரியர் விழும். அதற்குப் பிறகு பிள்ளைகள் வீட்டில் பேசுவதையே குறைத்துவிடுவார்கள். அதைப் பார்த்து எனக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகம் தன்னிடம் இணைந்த கல்லூரிகளில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதை ஒவ்வொரு செமஸ்டருக்கும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரிகள் அந்தப் பட்டியலில் உண்டு. பேருந்து நிலையத்தில் "100% வேலைவாய்ப்பு" என்று எவ்வளவு பெரிய பேனர் வைத்திருந்தாலும் சரி, அந்தப் பட்டியலில் கீழே இருக்கிற கல்லூரியை விருப்ப வரிசையில் போடவே வேண்டாம். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பதும் சமூகப் பிரிவு வாரியாகக் கலந்தாய்வு இணையதளத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் மாவட்டந்தோறும் உதவி மையங்கள் உண்டு, அங்கே காசு வாங்காமல் பதிவு செய்து தருவார்கள்.

உங்கள் ஊரிலேயே இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி. கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று பையன் நினைத்தால், அங்கேயும் சுற்றுவட்டாரத்து அரசுக் கல்லூரிகளிலும் கணினி சார்ந்த பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். சமீப ஆண்டுகளில் விண்ணப்பம், பதிவு இரண்டுக்கும் சேர்த்து 50 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். 25,000 எங்கே, 50 எங்கே! பொறியியலுக்கும் இதற்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

இன்னொன்று, உங்கள் ஊர்க்காரர்களே அதிகம் யோசிக்காத இடம், விருத்தாசலத்தில் இருக்கும் அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனம். டைல்ஸ், வாஷ்பேசின், மின்கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர் எல்லாம் செய்கிற தொழிலுக்கு டிப்ளமோ. பொதுவாகவே பாலிடெக்னிக்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்து பிளஸ் டூ தேறியவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ. பிறகு விருப்பம் இருந்தால் தனிக் கலந்தாய்வு வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தத்தில் ஒரு வருஷம் கூடுதலாகும், ஆனால் பையன் பட்டறையில் கைவைத்துக் கற்றுக்கொண்டு மேலே போவார். என் மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்பில் சுமாரான மார்க்தான். சென்னை கிண்டியில் இருக்கும் சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோ படித்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்தால் அடியில் நடுவில் சின்னப் புள்ளி இருக்கும் பாருங்கள், உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடம். அதைத் தடவிப் பார்த்தே அச்சு எப்படி இருந்தது என்று சொல்வார். இன்று அந்த அச்சுகளைச் செய்கிற டூல் ரூமுக்கு அவர்தான் பொறுப்பு.

எந்த வழியாகப் போனாலும் சரி, 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் மகன் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் போனால் சர்வர் படுத்தும் பாடு பெரும்பாடு.

நான் அரசுப் பள்ளி மாணவி. பயாலஜி குரூப், 401 மார்க். நீட் எழுதவில்லை. மருத்துவத் துறையில்தான் வேலை பார்க்க ஆசை. எங்கள் கடைத்தெருவில் மாடியில் ஓராண்டு நர்சிங் சொல்லித் தருகிறார்கள். சேரலாமா?
– மாணவி, தேனி மாவட்டம்

வேண்டாம். உன் ஆசை நல்ல ஆசை, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற பி.எஸ்சி. நர்சிங் அல்லது மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ படித்தால்தான் பதிவு நடக்கும். மாடியில் தரும் ஓராண்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு சின்ன ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கலாம், அவ்வளவுதான். பத்து வருஷம் அனுபவம் சேர்ந்தாலும் நர்ஸ் என்ற பெயர் கிடைக்காது.

பி.எஸ்சி. நர்சிங்கிற்கு இங்கே பிளஸ் டூ மார்க் அடிப்படையில் அரசே கலந்தாய்வு நடத்துகிறது. உன் மார்க்குக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைப்பது கடினம், இடங்கள் குறைவு. தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களில் முயற்சி செய். நர்சிங் டிப்ளமோவுக்கும், அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் மெடிக்கல் லேப், எக்ஸ்ரே போன்ற டிப்ளமோ படிப்புகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போடு. லேப் படிப்பைப் பெண்பிள்ளைகள் இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாலுகா ஊரில்கூட இன்று லேப் இல்லாத தெரு இல்லை.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் உனக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. டிப்ளமோவுக்கும் அது பொருந்தும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் அதுவும் போய்விடும்.

மகன் கணிதத்தில் 28 எடுத்து ஃபெயில். ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். ஒரு வருஷம் வீணாகிவிட்டதே?
– ஒரு தந்தை, சிவகாசி

வருஷம் வீணாகவில்லை ஐயா. துணைத் தேர்வு உடனே வருகிறது. அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதினால் போதும். ஏழு மார்க்தான் குறைவு. அதில் தேறியவர்களுக்காகப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது, அரசு கலைக் கல்லூரிகளிலும் காலியிடம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போய் கணித ஆசிரியரைப் பாருங்கள். முடிவு வந்த வாரத்தில் அவர்களும் இந்தப் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கணிதமே வேண்டாம் என்று பையன் சொன்னால் அதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் கையில் இருக்கிறது. அதை வைத்து அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் சேரலாம். இரண்டு வருஷம், பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய எந்திரங்கள் போட்டிருக்கிறார்கள், ரோபோட்டிக்ஸ் வரை சொல்லித் தருகிறார்கள். முடித்தவர்கள் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். நீங்கள் அச்சுத் தொழிலில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது. நீங்கள் ஓட்டுகிற மெஷின் பக்கத்தில் வளர்ந்த பையன், ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "அதைப் படித்து என்ன ஆகப்போகிறது" என்கிறார்கள்.
– மாணவர், மன்னார்குடி

சேர்ந்துவிடு தம்பி. தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். அந்தத் தேர்வில் வரும் இந்திய வரலாறும் தமிழ்நாட்டு வரலாறும் மற்றவர்களுக்குக் கூடுதல் சுமை, உனக்கு வகுப்புப் பாடம். கல்விக் கட்டணமும் இல்லை. மூன்று வருஷமும் நூலகத்தை விடாதே, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதுகிற அளவுக்கு வந்துவிடு. அப்புறம் சொந்தக்காரர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்காது.

மகளைத் தனியார் கலைக் கல்லூரியில் சேர்த்து 40,000 கட்டினோம். பத்து நாளில் அரசுக் கல்லூரியில் இடம் வந்துவிட்டது. இப்போது பணமும் தர மாட்டோம், டி.சி.யும் தர மாட்டோம் என்கிறார்கள்.
– ஒரு தந்தை, திருப்பூர்

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. பணத்துக்கும் அதில் கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், அதில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதிலிருந்து 30 நாள் வரை 50. அதற்கும் மேல் போனால் ஒன்றும் வராது. ஆகவே நாள் கடத்தாதீர்கள்.

வாய்ப்பேச்சு வேண்டாம். முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: மகள் சேர்ந்த தேதி, கட்டிய தொகை, ரசீது எண், விலகும் தேதி, திருப்பித் தர வேண்டிய தொகை, சான்றிதழ்களின் பட்டியல். பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மானியக் குழுவின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் பதியலாம். இதற்கிடையில் மகள் அரசுக் கல்லூரி முதல்வரை நேரில் பார்த்து, சான்றிதழ் வரத் தாமதமாகும் என்று எழுதிக் கொடுத்து இடத்தை உறுதி செய்துகொள்ளட்டும். அதைத் திங்கட்கிழமை காலையிலேயே செய்துவிடுங்கள்.