புதுப் பிக்கப் வாங்குமுன் உள்ளே இருக்கும் வயரைப் பாருங்கள்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். வவுனியாவில் பாவித்த ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிற்றார் ஒன்று வாங்கினேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மூன்று, அவற்றைத் தெரிவுசெய்ய ஐந்து நிலைச் சுவிச். ஆனால் கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப் மட்டும்தான் பாவிக்கக்கூடியதாக இருக்கிறது. கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் போட்டால் காதைக் குத்துகிறது, ஒலியின் கூரைக் குறைக்கும் டோனைத் திருகினாலும் மாறுவதில்லை. பாட்டுக்கு இடையில் வொலியூமைக் குறைத்தால் ஒலி மங்கிப் போகிறது. புதுப் பிக்கப் செற் வாங்குவதா, கிற்றாரையே மாற்றுவதா? – கிளிநொச்சி வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகளுக்கு முதலில் வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும். 1954இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராடோகாஸ்டரை வெளியிட்டபோது, இருந்த இரண்டு டோன் திருகிகளில் ஒன்றை நெக்கிற்கும் மற்றதை மிடிலுக்கும் கொடுத்தார்கள். பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே இல்லை. மலிவுக் கிற்றார்கள் பலவும் அதே வயரிங்கைத்தான் இன்றும் பின்பற்றுகின்றன. அதனால் உங்கள் கிற்றார் பழுதில்லை, அதைச் செய்த விதமே அப்படி.

முதலில் காசு செலவில்லாத வேலை. கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளில் கடைசியானதில், அதாவது கடைசி ஃபிரெட்டில், கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் 2 முதல் 2.4 மில்லிமீற்றர், மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 முதல் 2 வரை இருந்தால் தொடங்குவதற்குப் போதும். பாவித்த கிற்றார்களில் யாரோ திருகி, பிக்கப் கம்பியை முட்டுமளவுக்கு நிற்பதைக் கண்டிருக்கிறேன். காந்தம் கம்பியை இழுத்தால் சுருதியும் ஆடும். பக்கத்திலுள்ள இரண்டு திருகாணிகளால் இறக்கி ஏற்றலாம். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வாசித்துக் கேளுங்கள்.

அடுத்தது ஒரே ஒரு சிறு வயர். ஐந்து நிலைச் சுவிச்சின் ஒரு பக்கம் வொலியூமுக்குப் போகிறது, மறுபக்கம் டோனுக்கு. டோன் பக்கத்தில் பிரிட்ஜுக்குரிய முனை வெறுமையாக நிற்கும். அதையும் மிடிலின் டோன் முனையையும் விரற்கடை நீள வயரால் இணைத்துச் சோல்டர் பண்ணினால், இரண்டாவது டோன் இனிப் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். டோனை 10இலிருந்து 6, 7க்கு இறக்கிப் பாருங்கள், காதைக் குத்துகிற கூர் போய்விடும். ஆனால் எட்டு முனைகளும் ஒரே வரிசையில் உள்ள பெட்டிச் சுவிச் என்றால் முனைகளின் ஒழுங்கு வேறு. எது எதனோடு சேருகிறது என்று மல்ரிமீற்றரால் பார்த்த பிறகே சோல்டர் கோலைத் தொடுங்கள். தொடங்குமுன் போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

டோனில் இருக்கும் கப்பாசிட்டரையும் பாருங்கள். 473 என்று எழுதியிருந்தால் அது 0.047 மைக்ரோ ஃபரட். டோனை முழுதாக மூடினால் ஒலி சேற்றுக்குள் புதைந்துவிடும். 223, அதாவது 0.022 போட்டால் மூடிய நிலையிலும் பாட்டுக்கு உதவும் ஒலி கிடைக்கும். வொலியூம் குறைக்கும்போது மங்குவதற்கும் மருந்து உண்டு. 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 680 பிக்கோ ஃபரட் கப்பாசிட்டரையும் பக்கத்துப் பக்கமாக இணைத்து, வொலியூம் திருகியின் அடியில் இருக்கும் பொட்டில் பிக்கப் வந்து சேரும் முனைக்கும் ஒலி வெளியேறும் நடு முனைக்கும் இடையில் வையுங்கள். பூசையில் வாசகத்துக்குப் பின்னால் மெதுவாக வாசிக்கும் இடங்களில் இதன் அருமை தெரியும்.

இவை எல்லாம் ரேடியோ, ரீவி திருத்தும் கடைகளில் கிடைக்கும் சில்லறைச் சாமான்கள். ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வொலியூம் பொட் மாற்ற வேண்டி வந்தால் 250 கிலோ ஓம்தான் கேளுங்கள். ஒருமுறை வொலியூம் கரகரக்கிறது என்று நான் கிற்றாரை ஒரு கடையில் கொடுத்தபோது, கையிருப்பில் இருந்த 50 கிலோ ஓம் பொட்டைப் போட்டுத் தந்துவிட்டார்கள். கரகரப்பு நின்றது, ஆனால் கிற்றார் சளி பிடித்த குரலில் பாடியது. பிக்கப் செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிய பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது.

இதற்குப் பிறகும் ஆசை இருந்தால், இழுத்தால் சுவிச்சாகும் புஷ்-புல் பொட் ஒன்று வாங்கி, நெக் பிக்கப்பின் உயிர் வயரை (ஒலி வரும் வயர், எர்த் வயர் அல்ல) அதன் வழியாக வொலியூமுக்குக் கொண்டுபோங்கள். பிரிட்ஜ் நிலையில் இழுத்தால் நெக்கும் பிரிட்ஜும் சேரும், பிரிட்ஜும் மிடிலும் சேர்ந்த நிலையில் இழுத்தால் மூன்றும் சேரும். ஐந்து ஒலி ஏழாகிவிடும். நெக்கும் பிரிட்ஜும் சேர்ந்த ஒலி தெளிவாக மணி போல இருக்கும், கீர்த்தனைகளுக்குத் தாளம் பிடிக்க நான் அதைத்தான் எடுப்பேன். வாங்குமுன் உடலின் குழி ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், இந்தப் பொட் சாதாரணப் பொட்டைவிட நீளம்.

கேள்வி: கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவோடு வாசிக்கிறேன். ஜெனரேற்றர் போட்டால் கிற்றாரில் ஒரே இரைச்சல். கடைக்காரர் மூன்று பிக்கப்பையும் ஹம்பக்கராக மாற்றச் சொல்கிறார். சரியா? – புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. ஒற்றைச் சுருள் பிக்கப், மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களால் அதைத் தின்றுவிடும். ஆனால் மூன்றையும் மாற்றினால் ஸ்ட்ராட்டின் குணமே போய்விடும். சுவிச்சை, மிடிலோடு இன்னொரு பிக்கப் சேரும் 2ஆம், 4ஆம் நிலைகளில் போட்டுப் பாருங்கள். அங்கே இரைச்சல் குறைந்தால் உங்கள் மிடில் பிக்கப் எதிர்ச் சுற்று உள்ளது, செலவில்லாமலே பாதித் தீர்வு கையில் இருக்கிறது. அப்புறம் உட்குழிக்குச் செப்பு ஒட்டுநாடா ஒட்டி அதை எர்த்தோடு இணையுங்கள். அப்போதும் போதாது என்றால் பிரிட்ஜில் மட்டும் ஒரு ஹம்பக்கர் வையுங்கள். நான்கு வயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஒரு சுருளைத் தனியாகப் பிரித்தும் பாவிக்கலாம்.

இதைவிட அவசரமான விடயம் ஒன்று. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. தொடும்போது விறுவிறு என்று கை கூசினாலோ, மைக்கில் உதடு பட்டுச் சுள்ளென்று அடித்தாலோ வாசிப்பதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது பிக்கப் பிரச்சினை இல்லை, எர்த் பிரச்சினை, உயிரை எடுக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் வைகாசியில் வன்னி மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் அடித்த எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது. கம்பியை ஆழமாக அடித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மேடைக்கு வரும் வயரில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று ஒலிபெருக்கிக்காரரிடம் கேளுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை இரைச்சலுக்காக வெட்டும் பழக்கம் எங்கே கண்டாலும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: கூரியரில் எடுப்பித்த பிக்கப்பில் சத்தமே வரவில்லை. சோல்டர் பண்ணியதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். – மாங்குளம் வாசகி

பதில்: அதன் இரண்டு வயரையும் கழற்றி மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள், தங்கச்சி. ஒற்றைச் சுருள் என்றால் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே தலைமுடியிலும் மெல்லிய செப்புக் கம்பி அறுந்திருக்கிறது. அளவு சரியாக வந்தால் பிழை உங்கள் இணைப்பில், அதைத் திருத்தலாம். அறுந்திருந்தால் அளவைப் படமெடுத்து அனுப்பி மாற்றித் தரக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் விற்பவர் அதைத் தந்தே ஆக வேண்டும். மறுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அடுத்த முறை பொதி வந்ததும் சோல்டர் கோலைச் சூடாக்குமுன் மீற்றரை வைத்துப் பாருங்கள்.