காதும் துல்லியமாக விழ வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக 35 மி.மீ. ஃபிலிமில்தான் படம் எடுக்கிறேன். நிக்கான் எஃப்எம்2, 50 மி.மீ. லென்ஸ். சமீபத்தில் 6×7 செ.மீ. நெகட்டிவ் தரும் பழைய மாமியா ஆர்பி67 ஒன்று வாங்கினேன். பாட்டியை வாசலில் உட்காரவைத்து எடுத்தேன். கண் துல்லியமாக இருக்கிறது, காது மங்கல். மற்ற படங்களில் பாதி ஆடியிருக்கின்றன. லென்ஸ் பழுதா? ரோலுக்குப் பத்தே படம் என்பதும், வியூஃபைண்டரில் இடம் வலமாகத் தெரிவதும் எரிச்சலாக இருக்கிறது. இதை விற்றுவிட்டு நேராக 4×5 அங்குல நெகட்டிவ் கேமராவுக்கே போய்விடலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதலில் லென்ஸைத் திட்டுவதை நிறுத்துங்கள். கண் துல்லியமாக விழுந்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு லென்ஸ் பழுதா என்று கேட்கிறீர்கள். பத்துப் படம், இடம் வலம் எல்லாம் பழகிவிடும். அதில் பேச ஒன்றுமில்லை.

எஃப்எம்2-வில் எடுத்த அதே கணக்கில் மாமியாவிலும் எடுத்திருக்கிறீர்கள், அதுதான் விஷயம். 35-ல் 50 லென்ஸ் பார்க்கும் பரப்பைப் பார்க்க 6×7-ல் 100 அளவிலும் 4×5-ல் 180 அளவிலும் லென்ஸ் வேண்டும். லென்ஸ் நீண்டால் ஃபோகஸின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் துல்லியமாக விழும் தூரம், குறையும். அதை மீட்க அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, மூட வேண்டும்; எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறியது. நிக்கானில் எஃப்/4 வைத்து மூக்கிலிருந்து காது வரை கிடைத்த ஆழம், அதே தூரத்தில் நின்றால் மாமியாவில் எஃப்/8-ல்தான் கிடைக்கும். 4×5-ல் எஃப்/16-ஐ ஒட்டிப் போக வேண்டும். சரி, வெளிச்சம்? அதே ஃபிலிம், அதே வாசல். துவாரம் சிறுத்ததால் 1/125 வினாடியில் எடுத்தது 1/30 ஆகிறது, 4×5-ல் 1/8. இரண்டரை கிலோவுக்குக் குறையாத கேமரா, வியூஃபைண்டருக்குப் படம் காட்ட உள்ளே இருக்கும் அவ்வளவு பெரிய கண்ணாடி தூக்கி அடிக்கிறது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு 1/30-ல் எடுத்தால் ஆடாமல் என்ன செய்யும்? ஆட்டத்துக்குப் பயந்து அபர்ச்சரைத் திறந்தால் காது போகும். காதுக்காக மூடினால் மறுபடி ஆட்டம். போதாததற்கு ஆர்பி67-ல் ஃபோகஸ் செய்வது பெல்லோஸ், துருத்திபோல் மடிந்து நீளும் பகுதி. முகத்தை நெருங்க நெருங்க அது நீளும், வெளிச்சம் இன்னும் குறையும். எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்று கேமராவின் பக்கவாட்டிலேயே அளவு போட்டுத் தந்திருக்கிறார்கள். பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்டாண்ட், கேமராவைத் தொடாமல் படம் எடுக்க உதவும் கேபிள் ரிலீஸ், கண்ணாடியை முன்னாலேயே தூக்கிவைக்கும் பழக்கம், இந்த மூன்றும் வரும்வரை 4×5 பேச்சையே எடுக்காதீர்கள்.

அது கிடக்கட்டும். காதை ஏன் இப்படித் துரத்துகிறீர்கள்?

பெரிய நெகட்டிவ் என்றாலே துல்லியம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சின்ன வயதில் பள்ளி விட்டதும் ஒரு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்துகொள்வேன். மரக் கேமரா, கறுப்புத் துணி எல்லாம் இருந்தன. நான் போனது டச்சிங் செய்பவரை, அதாவது நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் திருத்துபவரைப் பார்க்க. சாய்வு மேசையின் நடுவில் ஓட்டை, அதன்மேல் நெகட்டிவ், கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பும் கண்ணாடி. பென்சில் பிடிப்பதற்காக நெகட்டிவில் ஒருவித வார்னிஷைத் தேய்ப்பார். முனையை உப்புத்தாளில் உரசி ஊசியாக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். முகச் சுருக்கமும் அம்மைத் தழும்பும் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். பழைய ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, முகத்தில் சிவந்த பருவெல்லாம் கறுப்பாக விழும், ஆகவே வேலைக்குப் பஞ்சமே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் பாதி நாள் அதிலேயே போகும்.

35-ல் இதைச் செய்ய முடியுமா? ஆள் முழுசாக நின்றால் முகம் அரிசி மணி அளவுக்கு இருக்கும். பென்சிலை எங்கே வைப்பது? லென்ஸ் ஒவ்வொன்றாகப் பதிந்த சுருக்கத்தை அவர் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார், அதற்குத்தான் அவருக்குப் பெரிய நெகட்டிவ் தேவைப்பட்டது. ஒரு தடவை ஒரு கிழவியின் முகத்தை மொழுமொழுவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டார். “இது எங்க ஆத்தா இல்லீங்க” என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே டர்ப்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நெற்றியை மட்டும் தொடவில்லை.

உங்கள் பாட்டி படத்தைப் பார்த்தாரா? ஸ்கேன் செய்து ஃபோனில் காட்டியதைக் கேட்கவில்லை. பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். காது மங்கல் என்று அவர் சொன்னால் எனக்கு எழுதுங்கள், அப்புறம் அந்த மாமியாவை விற்பதைப் பற்றிப் பேசலாம். ஆனால் ஸ்டாண்டை இந்த வாரமே வாங்குங்கள், கனமானதாக.