அப்பா ‘இண்டஸ்ட்ரியல்’ ஆளா, ‘இண்டஸ்ட்ரியஸ்’ ஆளா?

கேள்வி: திருப்பூரில் என் அப்பா எட்டு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். அவரையும் சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கடனுக்காக வங்கியில் தொழில் விவரத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கேட்டார்கள். ‘மை ஃபாதர் இஸ் அன் இண்டஸ்ட்ரியல் மேன்’ என்று தொடங்கி, ‘ஹிஸ் கம்பெனி’, ‘ஹிஸ் ஃபேக்டரி’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மேலாளர் சிரித்தார். இண்டஸ்ட்ரி, ஃபேக்டரி, கம்பெனி, ஃபர்ம், எண்டர்பிரைஸ் இவற்றில் எதை எங்கே எழுதுவது?
– வாசகி, திருப்பூர்

பதில்: அவர் சிரித்திருக்க வேண்டாம். நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் தமிழில் ‘தொழில்’ என்ற சொல்லுக்கு இருக்கிற அகலம். தொழில் வரி என்பதில் அது ‘புரொஃபஷன்’. தொழிற்சங்கத்தில் ‘டிரேட்’. தொழிற்கல்வியில் ‘வொக்கேஷன்’. தொழிற்பேட்டைக்கு வந்தால்தான் ‘இண்டஸ்ட்ரி’. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்ற குறளில் வரும் ‘செய்தொழில்’ இவை எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிக்கொள்கிறது. ஆகவே தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது, நான் சொல்ல வருவது ஆளின் குணமா, செய்யும் வேலையா, வேலை நடக்கும் இடமா, சட்டப்படியான அமைப்பா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் இருக்கிற சொற்கள் தாமாகவே பிரிந்துவிடும்.

முதலில் குணம். ‘இண்டஸ்ட்ரி’க்கு மூலம் லத்தீனில் உள்ள ‘இண்டஸ்ட்ரியா’. விடாமுயற்சி, ஊக்கம் என்று பொருள். ஆங்கிலத்திலும் நெடுங்காலம் அதுவே முதல் பொருளாக இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியில் ‘இண்டஸ்ட்ரி’க்கு விடாமுயற்சி என்றுதான் பொருள் இருக்கிறது, ஆலை, இயந்திரம் என்ற பேச்சே இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1747-ல், லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 12 செதுக்கோவியங்கள் வெளியிட்டார். தறியில் வேலை பழகும் இரண்டு பையன்களின் கதை. ஒருவன் ஊக்கமாக நெய்து நகரத் தலைவராக உயர்கிறான். இன்னொருவன் தறியருகே தூங்கித் தூங்கிக் கடைசியில் தூக்குமேடைக்குப் போகிறான். தலைப்பில் ‘சோம்பல்’ என்பதற்கு எதிராக அவர் வைத்த சொல் ‘இண்டஸ்ட்ரி’. நம் வள்ளுவரின் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தை அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் இதையே சொல்லலாம்.

இயந்திரங்கள் வந்து, உழைப்பு ஆலைக்குள் போனபின், அந்தச் சொல்லும் கூடவே உள்ளே போய்விட்டது. இப்போது முதல் பொருள் உற்பத்தித் தொழில். பழைய பொருள் ‘இண்டஸ்ட்ரியஸ்’ என்ற உரிச்சொல்லில் தங்கியிருக்கிறது. உங்கள் அப்பா அதுதான்: உழைப்பாளி. ‘இண்டஸ்ட்ரியல்’ என்பதை மனிதருக்குப் போடுவதில்லை. பேட்டைக்குப் போடலாம், கழிவுக்குப் போடலாம், புரட்சிக்குப் போடலாம். ‘இண்டஸ்ட்ரியலிஸ்ட்’ என்றால் தொழிலதிபர், கோவை ஜி.டி. நாயுடுவைப் போலப் பெரிய அளவில் தொழில் நடத்தியவர்களைச் சொல்வது. எட்டு மெஷின் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. ‘எண்டர்பிரனர்’, அதாவது தொழில் முனைவோர், என்று எழுதலாம்.

வடமொழியிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. ‘உத்யோகம்’ என்றால் அங்கே முயற்சி. இந்தியில் அது ‘உத்யோக்’ ஆகி இண்டஸ்ட்ரி என்ற பொருளுக்கு வந்தது. தமிழில் உத்தியோகம் மாதச் சம்பளமாக மாறிவிட்டது. சிறுதொழில் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் ‘உத்யம்’ என்ற பெயருக்கும் முயற்சி என்றுதான் பொருள்.

அடுத்தது செய்யும் வேலை. படிவத்தில் ‘நேச்சர் ஆஃப் இண்டஸ்ட்ரி’ என்று கேட்டால், எந்தத் துறை என்று கேட்கிறார்கள். ஆயத்த ஆடை, பின்னலாடை என்று எழுதுங்கள். உங்கள் கடையின் பெயரை எழுத வேண்டிய இடம் அது இல்லை. ஒரே வகைப் பொருளையோ சேவையையோ தருகிற எல்லாரும் சேர்ந்ததுதான் ஒரு இண்டஸ்ட்ரி. தனி ஒருவருடைய இடத்தை அப்படிச் சொல்ல மாட்டார்கள். கோடம்பாக்கத்தில் ‘நான் இண்டஸ்ட்ரிக்கு வந்து இருபது வருஷம்’ என்கிறார்களே, அது மிகச் சரியான பிரயோகம். பெயர்ப்பலகையில் ‘இண்டஸ்ட்ரீஸ்’ என்று இருந்தால் அது வெறும் பெயர். அப்படியே விட்டுவிடுங்கள்.

சட்டம் இந்தச் சொல்லை இன்னும் அகலமாக எடுத்துக்கொள்கிறது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், முறையாக நடக்கும் செயல், முதலாளி-தொழிலாளி கூட்டுழைப்பு, மக்களுக்குப் பொருளோ சேவையோ கிடைப்பது ஆகிய மூன்றும் இருந்தால் அது ‘இண்டஸ்ட்ரி’தான் என்றது உச்ச நீதிமன்றம். அன்றைய தொழில் தகராறுச் சட்டத்துக்குள் மருத்துவமனையும் கல்வி நிறுவனமும் வந்தது அப்படித்தான். அந்தத் தீர்ப்பை மொழிபெயர்ப்பவர் ‘தொழிற்சாலை’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்.

இனி இடம். இதில்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல் வரக்கூடும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடமானால் 10 தொழிலாளர், இல்லையானால் 20 தொழிலாளர் இருந்தால்தான் பொதுவாக அது ‘ஃபேக்டரி’ என்று இருந்தது. 2020-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அதை 20, 40 என உயர்த்தியிருக்கிறது. உங்கள் இடத்தில் ஒன்பது பேர். வங்கித் தாளில் ‘ஃபேக்டரி’ என்று நீங்களே எழுதிவிட்டு, உரிமம் எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவீர்கள்? ‘ஸ்டிச்சிங் யூனிட்’ என்று எழுதுங்கள். ஊரில் நாம் சொல்வதும் அதுதானே. லேத் பட்டறையாக இருந்தால் ‘ஒர்க்‌ஷாப்’. நூற்பாலைக்கும் அரிசி ஆலைக்கும் ‘மில்’. மின் நிலையம், சிமென்ட் ஆலை போன்றவற்றுக்கு ‘பிளான்ட்’.

ஃபேக்டரிக்கு ஒரு பழைய முகமும் உண்டு. வரலாறு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள். 1611-ல் மசூலிப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ‘ஃபேக்டரி’ வைத்தது என்று வாசிக்கும்போது, புகைபோக்கி வைத்த ஆலையை நினைக்கக் கூடாது. ‘ஃபேக்டர்’ என்றால் வணிக முகவர். அவர் தங்கிச் சரக்கு வாங்கிச் சேர்த்து வைத்த இடம் ஃபேக்டரி. தமிழில் பண்டகசாலை என்பதே சரி. துணி நெய்யப்பட்டது நெசவாளர்களின் வீடுகளில்.

கடைசியாக, சட்டப்படியான அமைப்பு. திருப்பூரில் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவது. பேச்சில் அதில் ஒரு தப்பும் இல்லை. தாளில் மட்டும் ‘கம்பெனி’ என்றால் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று பொருள். ‘ஃபர்ம்’ என்பது 1932-ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாளிகள் சேர்ந்து நடத்துவது. அப்பா ஒருவரே உரிமையாளர் என்றால் ‘புரொப்ரைட்டர்ஷிப்’ என்று எழுத வேண்டும். ‘எண்டர்பிரைஸ்’ இவை மூன்றுக்கும் பொதுவான சொல். 2006-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ‘ஸ்மால் ஸ்கேல் இண்டஸ்ட்ரி’ என்று எழுதிவந்த இடத்தில் அரசு இதைத்தான் எழுதுகிறது. மெஷின்களில் முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் ‘மைக்ரோ எண்டர்பிரைஸ்’. 2025 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு. தமிழில் குறுந்தொழில் நிறுவனம்.

உங்கள் முதல் வரியை இப்படித் திருத்தலாம்: ‘மை ஃபாதர் இஸ் தி புரொப்ரைட்டர் ஆஃப் எ ஸ்டிச்சிங் யூனிட், எ மைக்ரோ எண்டர்பிரைஸ் இன் தி கார்மென்ட் இண்டஸ்ட்ரி.’ எத்தனை மெஷின், எத்தனை பேர், யாருக்கு ஜாப் ஒர்க் என்பவற்றை அடுத்த வரியில் எண்ணோடு எழுதுங்கள். உத்யம் சான்று வாங்கியிருந்தால் அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயர், ஓர் எழுத்தும் மாறாமல், இந்தத் தாளிலும் இருக்கட்டும்.