இருநிறக் குரோஷே கைப்பை: நூல் வாங்கியவர், பை வாங்கியவர், விற்பவர்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, இரண்டு நிற நூலில் உருவம் வைத்துப் பின்னும் குரோஷே கைப்பைகளைப் பற்றியவை. ஒரே பொருளானாலும், எழுதியவர் ஒவ்வொருவரும் சட்டத்தின் முன் நிற்கும் இடம் வேறு என்பதால் தனித்தனியே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): டர்பனில் ஒரு கடையில் 50 கிராம் பருத்தி நூலுருண்டைகளாக அரக்கு நிறத்தில் இரண்டும் சந்தன நிறத்தில் ஒன்றும் வாங்கி, மாங்காய் உருவம் வைத்த கைப்பை பின்னத் தொடங்கினேன். கைப்பிடியில் பாதி வந்தபோது அரக்கு தீர்ந்துவிட்டது. அதே கடையில் அதே நிற எண்ணில் வாங்கிய புதிய உருண்டை சற்று வெளிறித் தெரிகிறது. அதை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கடைக்காரர் மறுக்கிறார். எனக்கு உரிமை இல்லையா?

பதில்: அம்மா, உருண்டையைச் சுற்றியுள்ள தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நிறத்தின் எண். மற்றொன்று, அந்த நூல் சாயத்தில் தோய்க்கப்பட்ட தொகுதியின் எண். இதைக் கடைகளில் 'டை லாட்' என்பார்கள். நிற எண் ஒன்றாகவே இருந்தாலும், தொகுதி மாறும்போது சாயத்தின் அளவிலும் வெப்பத்திலும் நேரும் சிறு வேறுபாடு நூலில் தங்கிவிடுகிறது. கடையின் விளக்கொளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு உருண்டைகள், அடுத்தடுத்த வரிசைகளாகப் பின்னப்பட்டதும் வேறுவேறெனத் தெரிந்துவிடும். தொகுதி எண் தாளிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், இந்த வேறுபாட்டை மட்டும் காட்டி அந்த நூலைப் பழுதான பொருள் என்று வாதிடுவது கடினம். பழுதில்லாத பொருளை, மனம் மாறியதற்காகவோ தேவைப்படவில்லை என்பதற்காகவோ கடையில் திருப்பிக் கொடுக்கும் உரிமையை தென்னாப்பிரிக்காவின் 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரவில்லை. அப்படி மாற்றித் தரும் கடைகள் தங்கள் சொந்த விதியின்படியே அதைச் செய்கின்றன.

ஆனால் கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றை அறிய விரும்புகிறேன். பழைய நூலின் துண்டையோ தாளையோ கடைக்கு எடுத்துச் சென்று, "இதற்குச் சரியாகப் பொருந்த வேண்டும்" என்று கேட்டு, அவர்கள் "பொருந்தும்" என்று சொன்ன பிறகு வாங்கினீர்களா? அப்படியானால் நிலைமை மாறுகிறது. மாதிரியை நம்பியே வாங்கிய பொருள் அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்று 18 ஆம் பிரிவும், பொருளைப் பற்றித் தவறான நம்பிக்கையை ஊட்டக் கூடாது என்று 41 ஆம் பிரிவும் சொல்கின்றன. குறிப்பிட்ட தேவையைக் கடைக்காரரிடம் தெரிவித்து வாங்கிய பொருள் அதற்குப் பொருந்தவில்லை என்றால், பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 10 வேலைநாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று 20 ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எனவே புதிய உருண்டையை இன்னும் பின்னத் தொடங்கவில்லை என்றால், தாளைக் கழற்றாமல், இரசீதுடன் உடனே செல்லுங்கள். பின்னத் தொடங்கிய நூலுக்கு அந்தப் பிரிவு கைகொடுக்காது.

பையைக் காப்பாற்ற வழி உண்டு. கைப்பிடியின் பாதியைப் பிரித்துவிட்டு, முழுக் கைப்பிடியையும் புதிய தொகுதி நூலிலேயே பின்னுங்கள். கைப்பிடி பையோடு சேரும் தையலில் நிறம் மாறினால் கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. ஒரே பட்டையின் நடுவில் மாறினால்தான் உறுத்தும்.

நூல் ஏன் தீர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இருநிறப் பை பின்னும் பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒற்றை நிறப் பைக்குச் சொல்லப்பட்ட அளவை இரண்டாகப் பிரித்து வாங்கினால் போதாது. இப்படி இரு நிறத்தில் உருவம் வைத்துப் பின்னும் டேப்பஸ்ட்ரி குரோஷே முறையில், ஒரு நிறத்தால் பின்னிக்கொண்டிருக்கும்போது மற்ற நிற நூல் பின்னலுக்குள்ளேயே மறைந்து கூடவே ஓடுகிறது. உருவம் இல்லாத இடத்திலும் அந்த நூல் செலவாகிறது. ஆகவே முதலில் இரு நிறத்திலும் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, பின்னுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் உருண்டையையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சதுரத்துக்கு அரக்கு 6 கிராமும் சந்தனம் 4 கிராமும் ஆனதாகக் கொள்வோம். 25 சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் உயரமும் 8 சென்டிமீட்டர் அடிப்பகுதியும் கொண்ட பைக்கு அப்படி 13 சதுரங்களின் பரப்பு வேண்டும். அரக்கு 78 கிராம், கைப்பிடிக்கு ஒரு 20 கிராம், அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் என்றால் ஏறக்குறைய 108 கிராம். சந்தனம் 57 கிராம். இரண்டு உருண்டையும் ஒன்றும் போதும்போலத் தோன்றும் கணக்கு, உண்மையில் மூன்றும் இரண்டும் ஆகிறது. அந்த ஐந்தையும் ஒரே நாளில், நிறத்துக்கு ஒரே தொகுதி எண் பார்த்து வாங்குங்கள். திறக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, இரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி): சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய பையை முதன்முறை குளிர்ந்த நீரில் துவைத்ததும் சிவப்பு கரைந்து வெள்ளை முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது. நூல் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. "நூலைத் திருப்பி எடுப்பதில்லை" என்று கடையில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

பதில்: அந்தப் பலகை உங்களைத் தடுக்காது. பொருள் நல்ல தரத்துடனும், எதற்காக விற்கப்படுகிறதோ அதற்குத் தகுதியாகவும், நியாயமான காலம் வரை உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு. அப்படி இல்லையென்றால், வாங்கிய 6 மாதங்களுக்குள் விற்பவரின் செலவிலேயே திருப்பிக் கொடுத்து, சீர்செய்வதா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது 56 ஆம் பிரிவு. சட்டம் தரும் உரிமையை வாடிக்கையாளர் விட்டுக்கொடுத்ததாகக் காட்டும் எந்த நிபந்தனையையும் 51 ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது.

"பின்னிவிட்டீர்களே, பொருளை மாற்றிவிட்டீர்களே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பின்னுவதற்காகவே விற்கப்படும் நூலைப் பின்னியது, தயாரிப்பாளரின் அறிவுரைக்கு எதிரான மாற்றம் ஆகாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் தாளைப் பாருங்கள். "தனியே துவைக்கவும்" என்றோ, சாயம் கசியலாம் என்றோ எச்சரிக்கை இருந்தால் உங்கள் வழக்கு வெகுவாக மெலிந்துவிடும். குளிர்ந்த நீரில் துவைக்கலாம் என்ற குறியீடு இருந்து, நீங்களும் அப்படியே துவைத்திருந்தால், சிவப்பு நூலின் விலையோடு கெட்டுப்போன வெள்ளை நூலின் விலையையும் கேளுங்கள். பழுதான பொருளால் மற்றொரு பொருளுக்கு நேர்ந்த சேதமும் 61 ஆம் பிரிவின் கீழ் வருகிறது. உங்கள் உழைப்புக்கு விலை பெறுவது இதைவிடக் கடினம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கும் தீராவிட்டால், 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கும் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. எல்லா இடத்திலும் கேட்கப்படுவது இரசீதும் நூலின் தாளும்தான். பை பழையதாகும் வரை அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த முறை, அடர்ந்த நிறத்தோடு வெள்ளையைச் சேர்க்கும் முன், அடர் நிற நூலில் ஒரு முழம் வெட்டி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் அழுத்திச் சுருட்டி இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். துணியில் கறை ஏறினால், பின்னாமலே நூலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி (டோங்காட் வாசகர்): என் மனைவிக்காக, வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, பச்சையும் மஞ்சளும் வேண்டுமென்று சொல்லி ஒரு கைப்பை செய்வித்தேன். செங்குத்தாக இருக்க வேண்டிய கோடுகள் சாய்ந்திருக்கின்றன. இரண்டு வாரத்தில் கைப்பிடி நீண்டு தொங்குகிறது. ஏழு நாளுக்குள் காரணமின்றித் திருப்பலாம் என்கிறார்களே?

பதில்: அந்த ஏழு நாள், 2002 ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44 ஆம் பிரிவிலிருந்து வருவது. வாங்குபவர் சொன்னபடி செய்து கொடுத்த பொருளுக்கு அது பொருந்தாது. நிறத்தை நீங்கள் சொன்னதால் உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆனால் தரத்தைப் பற்றி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் 6 மாத உரிமை, சொல்லிச் செய்வித்த பொருளுக்கும் உண்டு. விற்பவர் வீட்டிலிருந்தே பின்னுகிறார் என்றாலும், அதைத் தொழிலாகத் தொடர்ந்து செய்பவரானால் சட்டம் அவரையும் கட்டுப்படுத்தும்.

சாய்வு வேறு, கைப்பிடி வேறு. பையைத் திருப்பாமல் வட்டமாகப் பின்னிக்கொண்டே போகும்போது, வலக்கையால் பின்னுபவரின் ஒவ்வொரு தையலும் கீழ்த் தையலுக்கு நேர் மேலே அமராமல் சற்று வலப்புறம் நகர்கிறது. இருபது வரிசைக்குப் பிறகு நேர்கோடு சாய்கோடாகிவிடும். அது அந்த முறையின் இயல்பு, கைத்திறனின் குறை அன்று. உங்களுக்குக் காட்டிய படத்திலும் சாய்வு இருந்திருந்தால் கேட்க ஒன்றுமில்லை. படத்தில் கோடுகள் நேராக இருந்து, வந்த பையில் சாய்ந்திருந்தால், விவரித்தபடி பொருள் தரப்படவில்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி கேட்கலாம். அந்தப் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

கைப்பிடியோ தெளிவான குறை. குரோஷேப் பட்டை எடை தாங்கும்போது நீளும் என்பது பின்னுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அதற்காகத்தான் உட்புறம் உறுதியான ரிப்பன் வைத்துத் தைப்பதும், கயிற்றின் மேல் பின்னுவதும், எடை உள்துணியில் விழும்படி கைப்பிடியை அதனோடு இணைப்பதும் வழக்கம். பணப்பையும் கைப்பேசியும் தண்ணீர்க் குப்பியும் வைத்து இரண்டு வாரத்தில் தொங்கும் பை, கைப்பை என்ற பயனுக்குத் தகுதியானதன்று. இருந்தாலும் பணத்தைக் கேட்பதற்கு முன், கைப்பிடியை மட்டும் சீர்செய்து தரும்படி கேளுங்கள் என்பது என் யோசனை. பையின் உடல் நன்றாக இருக்கும்போது பின்னியவரின் உழைப்பு முழுவதையும் வீணாக்க வேண்டியதில்லை. சீர்செய்த பின் மூன்று மாதங்களுக்குள் அதே குறை திரும்பினால், மாற்றுப் பையோ பணமோ கட்டாயம் தர வேண்டும்.

கேள்வி (வெருலம், கோயில் மாதர் குழு): நாங்கள் மாதந்தோறும் ஆணை வாங்கிப் பைகள் பின்னி விற்று, வருவதைக் கோயில் நிதிக்குக் கொடுக்கிறோம். இலாப நோக்கம் இல்லாத எங்களுக்கும் இந்தச் சட்டமெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும். இலாபத்துக்காக விற்கிறாரா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. விலையைத் தெரியும்படி எழுதி வைப்பதும், ஒவ்வொரு விற்பனைக்கும் பெயர், முகவரி, தேதி, பொருள், விலை குறித்த இரசீது கொடுப்பதும் உங்கள் கடமை. இதற்கு ஒரு சிறிய இரசீதுப் புத்தகம் போதும். அதோடு, நூல் பருத்தியா அக்ரிலிக்கா, எப்படித் துவைப்பது, கோடுகள் இயல்பாகவே சாயுமா என்ற மூன்று செய்திகளையும் ஒரு சிறு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பையில் கட்டித் தாருங்கள். ஆணை வாங்கும்போதே அந்த அட்டையைக் காட்டி, முன்பணம் பெற்றதற்கும் தனி இரசீது எழுதிவிடுங்கள்.