மருத்துவம் படிக்காத கல்லூரி மாணவி அவசர சிகிச்சைப் பிரிவில் ஆராய்ச்சித் தன்னார்வலராகச் சேர முடியுமா?

கொருக்குப்பேட்டையில் இருந்துகொண்டு பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறீர்கள். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் அவசரப் பிரிவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுகிறார்களாமே, வடசென்னையில் அதற்கு வழி உண்டா, என்ன வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. உயிர்வேதியியல் படித்த காலத்தில் நம் பகுதி மருத்துவமனை ஒன்றில் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

அமெரிக்க ஏற்பாட்டை இங்கே அப்படியே தேடாதீர்கள். அங்கே ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி. விண்ணப்பத்தில் ஆராய்ச்சி அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு. அதனால் மாணவர்கள் தாங்களாகவே வந்து நிற்கிறார்கள். பல பல்கலைக்கழக மருத்துவமனைகள் அவர்களை முறை வைத்து அவசரப் பிரிவில் அமர்த்தி, ஆய்வுக்குப் பொருந்தும் நோயாளிகளைக் கண்டறியச் சொல்கின்றன. இங்கே பிளஸ் டூ, நீட் மதிப்பெண், நேரே எம்.பி.பி.எஸ். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டமும் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கானது. உங்களுக்கும் எனக்கும் அதில் இடமில்லை.

நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. அவசர மருத்துவத்தில் எம்.டி. படிக்கும் டாக்டர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இரவு டியூட்டி முடித்துச் சிவந்த கண்ணோடு கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவருக்கு, எண்களைப் பிசகாமல் எழுதத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் விட மாட்டார். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. தளம் 2007 முதல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த ஆய்வு, எந்த மருத்துவமனை, யாரைத் தொடர்புகொள்வது எல்லாம் அதில் இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிச் சான்றிதழ் தருகிறோம் என்று சுற்றும் ஆட்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை.

சேர்த்துக்கொண்டால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். ஆய்வாளர் கையெழுத்திட்ட பணிப் பட்டியலில் உங்கள் பெயரும், நீங்கள் எதைச் செய்யலாம் என்பதும் இருக்க வேண்டும். அதுவரை எந்த நோயாளியின் தாளையும் தொடாதீர்கள். இன்னொன்று ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

இனி வேலை. ரத்தமும் பரபரப்புமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் நேரம் எழுதுவதுதான்: அடிபட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், முதல் ஊசி போட்ட நேரம். கேட்பதற்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் கிராஷ்-2 என்ற ஆய்வைத் தேடிப் படியுங்கள். 40 நாடுகளில், அடிபட்டு ரத்தம் இழந்த 20,211 பேரிடம் நடந்து 2010-ல் வெளியானது. ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம் உயிரைக் காக்கிறது என்று அதில் தெரிந்தது. மறுவருடம் அதே தரவை நேரவாரியாகப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் நன்மை, அதற்குப் பிறகு போட்டவர்களிடம் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் கூடியிருந்தார்கள். எங்கோ ஒரு கேஷுவால்டியில் யாரோ அடிபட்ட நேரத்தைக் கேட்டு எழுதியிருக்காவிட்டால் இது வெளியே வந்திருக்குமா? புள்ளியியல் மாணவியிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதியில் யாரும் கடிகார நேரம் சொல்வதில்லை என்பது தனிக் கதை. மீன் ஏலம் முடிந்த கையோடு, தண்ணீர் லாரி வந்தபோது, ரயில்வே கேட் மூடியிருந்தபோது என்பார்கள். பக்கவாதத்தில் இது இன்னும் சிக்கல். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரம் கணக்கில் வராது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் கணக்கு. மணலியில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்தவர் என்றால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் அந்த நேரத்தைப் பிடிக்க முடியும்.

எல்லாவற்றிலும் கடினம், ஆய்வில் சேர நோயாளியோ வீட்டாரோ தரும் ஒப்புதல். அதை வாங்குவது டாக்டரின் பொறுப்பு. தகவல் தாளைத் தமிழில் படித்துக் காட்டும் வேலை நம்மிடம் வரும். மறுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு போனேன். மறுப்பவர்கள் குறைவு. நாம் வாயைத் திறக்கும் முன்பே கட்டை விரலை நீட்டுபவர்கள்தான் அதிகம், எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். லாரி இடித்து மயக்கத்தில் கிடந்த மகனோடு வந்த ஓர் ஆயா, "இதில் ரேகை வைத்தால்தான் பிள்ளைக்கு ஊசி போடுவார்களா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லை ஆயா. வைத்தியம் உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது. இது வேறு. வேண்டாம் என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்."

"அப்படியானால் வேண்டாம். அவன் கண் விழித்ததும் அவனையே கேள்."

ஆய்வில் ஓர் எண் குறைந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, டாக்டருக்கும் இல்லை. படித்துக் காட்டி முடித்ததும், "நான் சொன்னதை வீட்டில் போய் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டும் வேண்டாம். போட்டால் உங்களையும் டாக்டர் என்று நினைத்து எதற்கும் தலையாட்டுவார்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும். கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணனாக இருப்பார். மயங்கிக் கிடப்பவருக்காக முடிவு சொல்ல வேண்டிய மனைவி சுவரோரம் உட்கார்ந்திருப்பார். அவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

வீடு பக்கத்திலேயே என்பதால் உங்கள் தெருக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் வருவதைப் பார்ப்பீர்கள். மறுநாள் குடம் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னவாம் என்று யாராவது கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மா கேட்டாலும் அதே பதில்தான்.

தரவு சேகரித்ததற்காக மட்டும் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் வராது, நன்றியுரையில் வரலாம். பகுப்பாய்விலும் எழுத்திலும் பங்கெடுத்தால்தான் ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்க முடியும், உங்களுக்கு அந்த வாய்ப்பு என்னைவிட அதிகம். அதைச் சேரும்போதே பேசிவிடுங்கள். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, அதை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மதிய வேளையில் நேரில் போங்கள். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் போனால் யாரும் நின்று பேச மாட்டார்கள்.