சந்தேகம் இயற்கை என்றால் மனைவியை வேவு பார்க்கலாமா?

(வாசகர்களுக்குப் பதில் எழுதுபவர் தருமபுரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை. கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.)

கேள்வி: என் மனைவி ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நைட் ஷிஃப்ட்டும் உண்டு. அந்த நேரத்தில் எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கிப் பார்ப்பேன், அதனால் தினமும் சண்டை. ஒரு வீடியோவில், "பிள்ளை தன்னுடையதுதானா என்று ஆணுக்கு உறுதி கிடையாது, அதனால் சந்தேகப்படுவதும் காவல் காப்பதும் பரிணாமம் அவனுக்குக் கொடுத்த குணம்" என்று ஒருவர் விளக்கினார். அப்படியென்றால் என் மேல் என்ன தப்பு?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: தம்பி, அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியையும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1972-ல் ராபர்ட் டிரிவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆணோ பெண்ணோ, பிள்ளைக்காக உடம்பாலும் உழைப்பாலும் அதிகம் செலவழிக்கும் பாலினம், துணையைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் காட்டும். குறைவாகச் செலவழிக்கும் பாலினம், துணைக்காகத் தங்களுக்குள் போட்டி போடும். மனிதரில் கரு வளர்வது தாய் வயிற்றில். பெற்ற பிள்ளை தன்னுடையதுதான் என்பதில் தாய்க்கு ஐயம் வர வழியே இல்லை. தகப்பனுக்கு அந்த உறுதி உடம்பு வழியாகக் கிடைப்பதில்லை. இதை வைத்து டேவிட் பஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1992-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் துணை இன்னொருவரோடு உடலுறவு கொண்டது அதிகம் வலிக்குமா, இன்னொருவரிடம் மனதைக் கொடுத்தது அதிகம் வலிக்குமா? ஆண்களில் 60 சதவீதம் பேர் முதலாவது என்றார்கள். பெண்களில் 83 சதவீதம் பேர் இரண்டாவது என்றார்கள். வீடியோவில் பேசியவரின் வாதத்துக்கு வேர் இதுதான்.

அதே ஆய்வில் 100 ஆண்களுக்கு 40 பேர், மனம் போவதுதான் அதிகம் வலிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் ஆண்கள்தானே? 1996-ல் இதே கேள்வியை ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கேட்டபோது ஆண் பெண் வித்தியாசம் அமெரிக்காவில் இருந்ததைவிடக் குறைந்தது. 2002-ல் டேவிட் டெஸ்டெனோ குழுவினர் வேறு மாதிரி சோதித்தார்கள். சில எண்களை மனதில் வைத்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும், யோசித்துச் சொல்ல அவகாசம் இருக்காது. அப்போது பெண்களும் ஆண்களைப் போலவே பதில் சொன்னார்கள். ஆகவே இந்த வித்தியாசம் முழுக்கப் பிறவியிலேயே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மனித குணங்களைப் பரிணாமத்தை வைத்து விளக்கும் துறைக்குப் பரிணாம உளவியல் என்று பெயர். இந்தத் துறைக்குள்ளேயே முப்பது வருஷமாக இதன் மேல் சண்டை நடக்கிறது.

'பிள்ளை யாருடையது' என்ற பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. பத்தில் ஒரு பிள்ளை வேறொருவருக்குப் பிறந்தது என்று வெளிநாடுகளில் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பெல்ஜியத்தில் குடும்ப வம்சாவளியையும் தகப்பன் வழி வரும் ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான் வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்த மாதிரி ஆலைகள் பலவற்றில் செல்போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, தலைமுடியை வலைத்தொப்பிக்குள் அடக்கி, கவுன் மாட்டி, செருப்பை மாற்றிக்கொண்டுதான் லைனில் போய் நிற்கவேண்டும். எட்டு மணி நேரம் கண்ணுக்கு முன்னால் நகரும் சின்னச் சின்ன பாகங்களைத் தவிர வேறு நினைப்புக்கு இடமில்லை. ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் உங்களுடைய தவறிய அழைப்புகள் வரிசையாக இருக்கும். பஸ்ஸில் தூங்கிவிழுந்துகொண்டே வருகிற பெண்ணுக்கு அதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று யோசித்தீர்களா? நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் சம்பளத்தில்தான் சீட்டு கட்டுவதாகவும், உங்கள் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்குவதாகவும் இருக்கிறது. அவர் தப்பாக நடந்ததாக ஒரு வரிகூட இல்லை.

ஒரு உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, அதை வைத்து என்ன செய்யலாம் என்பது வேறு. பசியும் இயற்கைதான், அதற்காகப் பக்கத்து வீட்டு அடுப்பங்கரைக்குள் யாரும் நுழைவதில்லை. இந்தத் துறையைச் சேர்ந்த கனடா ஆய்வாளர்கள் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் 1988-ல் கொலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். மனைவியைக் கொன்ற வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம், அவள் தனக்குச் சொந்தம் என்ற ஆணின் எண்ணம்தான் என்று அதில் காட்டினார்கள். ஆபத்தை அடையாளம் காணத்தான் அதை எழுதினார்கள். நம் நாட்டிலும் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு மனைவியைக் கணவனின் உடைமை போலத்தான் நடத்தியது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று அதை ரத்து செய்தது. சொல்லாலும் மனதளவிலும் செய்யும் கொடுமையை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகவே பார்க்கிறது.

போனை வாங்கிப் பார்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அவருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். அப்படியும் அந்த நினைப்பு விடாமல் துரத்துகிறது, தூக்கம் போகிறது, குடித்தால் அதிகமாகிறது என்றால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். பல வருஷக் குடியோடு வருகிற சந்தேக நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: நிலைமை கைமீறினால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுவீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி: ஆண் அழகைப் பார்ப்பான், பெண் பணத்தைப் பார்ப்பாள் என்று உலகம் முழுக்க நிரூபித்துவிட்டார்களாமே?
– கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: 1989-ல் 37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் உளவியலாளர் டேவிட் பஸ் கேட்டது அது. நீங்கள் சொன்ன வித்தியாசம் அதில் உண்டு. ஆனால் பட்டியலின் உச்சியில் ஆண்களும் பெண்களும் வைத்தது அன்பான குணத்தையும் அறிவையும்தான். இதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. பெண்கள் சமமாக வாழும் நாடுகளில் வருமானத்தைப் பார்ப்பது குறைகிறது என்று 1999-ல் ஆலிஸ் ஈகிளி, வெண்டி வுட் இருவரும் அதே தரவை வைத்துக் காட்டினார்கள். 2020-ல் 45 நாடுகளில் மறுபடி செய்த ஆய்வில் ஆண் பெண் வித்தியாசம் அப்படியே வந்தது. ஆனால் சமத்துவத்தோடு தெளிவாகச் சேர்ந்து குறைந்தது துணைகளுக்கு இடையிலான வயது இடைவெளி மட்டும்தான். நம் ஊரில் இப்போது மாப்பிள்ளை வீட்டாரே "பொண்ணு வேலைக்குப் போகுதா, சம்பளம் எவ்வளவு" என்று தரகரிடம் கேட்கிறார்கள். பணம் பார்ப்பது பெண்ணின் குணம் என்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். கூடப் படித்த பெண்ணோடு ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாட்ஸ்அப்பில் பேசுகிறார். கேட்டால், "தொட்டேனா? வெறும் பேச்சுதானே, பொம்பளை புத்தி உனக்கு" என்கிறார். எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?
– வாசகி, போச்சம்பள்ளி

பதில்: வலிப்பதில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. மனம் போகும் இடத்துக்கு நேரமும் காசும் அக்கறையும் பின்னாலேயே போகும் என்பதால் பெண்கள் அதை உணர்கிறார்கள் என்று பரிணாம உளவியல் விளக்குகிறது. பிள்ளையை வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் அவர் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இது பொம்பளை புத்தி இல்லை. கிறிஸ்டின் ஹாரிஸ் என்ற ஆய்வாளர், கற்பனைக் கேள்வியை விட்டுவிட்டு, நிஜமாகவே துணையால் ஏமாற்றப்பட்டவர்களிடம் கேட்டார். 2002-ல் வந்த அந்த ஆய்வில் ஆண்களும் பெண்களும், துணையின் மனம் போனதைத்தான் அதிகம் நினைத்து நினைத்து வருந்தியதாகச் சொன்னார்கள். நம் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புகார்க் கடற்கரையில் மாதவி யாழெடுத்துப் பாடிய கானல்வரியைக் கேட்ட கோவலன், இவள் வேறொருவனை மனதில் வைத்துப் பாடுகிறாள் என்று நினைத்து எழுந்து போய்விடுகிறான். அங்கே யாரும் யாரையும் தொடவில்லை. ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஒரு ஆணுக்கு அது போதுமானதாக இருந்தது.

"தொட்டாயா" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியில் அவர் எப்போதும் ஜெயித்துவிடுவார். "எனக்குத் தெரியாமல் ஏன், எனக்குக் கிடைக்காத நேரம் அங்கே ஏன்" என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மாமியார் எதிரில் இல்லாமல், தனியாக.

கேள்வி: காது குத்துவதில் தொடங்கிக் கல்யாணம் வரை தாய்மாமன் சீர் இல்லாமல் நம் பக்கம் எதுவும் நடப்பதில்லை. இதற்கும் அறிவியல் காரணம் உண்டா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஐயா, ரிச்சர்ட் அலெக்சாண்டர் என்ற உயிரியலாளர் 1974-ல் ஒரு விளக்கம் சொன்னார். தகப்பன் யார் என்ற உறுதி மிகக் குறைந்த சமூகங்களில், ஒரு ஆணுக்கு மனைவி பெற்ற பிள்ளையைவிட அக்கா தங்கை பெற்ற பிள்ளைதான் நிச்சயமான ரத்தம் என்பது அது. நம் தாய்மாமன் உறவுக்கு இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. இங்கே தகப்பனும் சேர்ந்தேதான் பிள்ளையை வளர்க்கிறார். தாய்மாமன் முறை நம்மிடம் நிற்பது பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே அறுந்துபோகாமல் ஓடும் உறவிலும்தான்.

உங்கள் கேள்வியை ஒட்டி இன்னொரு செய்தி. நமீபியாவில் மாடு மேய்க்கும் ஹிம்பா மக்களிடம் புரூக் ஸ்கெல்சா என்ற மானுடவியலாளர் மரபணுச் சோதனை செய்து 2020-ல் வெளியிட்டார். பிள்ளைகளில் 48 சதவீதம் கணவனுக்குப் பிறந்தவர்கள் இல்லை. பெற்றோர்களுக்கும் அது பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. அதே ஆண்டில் அவரும் சகாக்களும் 11 சமூகங்களை ஒப்பிட்டார்கள். பிள்ளை வளர்ப்பில் தகப்பனின் பங்கு எங்கே அதிகமோ அங்கே பொறாமையும் கடுமையாக இருந்தது. பெண்ணை அடக்கி வைப்பதுதான் ஆண் குலத்தின் இயற்கை என்பவர்களுக்கு ஹிம்பா ஆண்களும் ஆண்கள்தான் என்பதை நினைவூட்டுகிறேன்.

கேள்வி: பேட்மனின் பழ ஈ சோதனையைப் பாடத்தில் படித்தோம். அது தப்பு என்கிறார்களே மேடம்?
– எம்.எஸ்சி. மாணவி, பென்னாகரம்

பதில்: 1948-ல் ஆங்கஸ் பேட்மன் என்ற விஞ்ஞானி பாட்டில்களில் சில ஆண் ஈக்களையும் சில பெண் ஈக்களையும் விட்டார். அப்போது மரபணுச் சோதனை கிடையாது. அதனால் சுருண்ட இறக்கை போல ஒவ்வொரு ஈக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பிறவி அடையாளம் உள்ளவையாகப் பார்த்து எடுத்தார். குஞ்சில் தாயுடையது ஒன்று, தகப்பனுடையது ஒன்று என இரண்டு அடையாளமும் இருந்தால் தாய் தகப்பன் யார் என்று தெரிந்துவிடும். பல துணை கிடைத்தால் ஆணுக்கு லாபம், பெண்ணுக்குப் பெரிய லாபமில்லை என்ற முடிவு இதிலிருந்து வந்தது. டிரிவர்ஸ் 1972-ல் கட்டிய வாதத்துக்கு இது முக்கியமான அடிக்கல்.

2012-ல் பெட்ரீசியா கோவாட்டி குழுவினர் அதே வகை ஈக்களை வைத்துத் திரும்பச் செய்தார்கள். இரண்டு அடையாளமும் சேர்ந்த குஞ்சுகளில் நிறைய வளர்வதற்கு முன்பே செத்துப்போயின. எண்ணுவதற்கு நம்பியிருந்த குஞ்சுகளே கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. பேட்மனின் பழைய அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் தகப்பன்களின் பிள்ளைக் கணக்கு தாய்களின் கணக்கைவிட அதிகமாக வருகிறது. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தாயும் ஒரு தகப்பனும்தானே, இரண்டு கணக்கும் சமமாக அல்லவா வரவேண்டும்? இந்தப் பிழை அறுபது வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம். அதற்காக டிரிவர்ஸ் கருத்தே விழுந்துவிட்டது என்று எழுதிவிடாதே அம்மா. கடல்குதிரையிலும் இலைக்கோழியிலும் பிள்ளையைச் சுமப்பதும் அடைகாப்பதும் ஆண். இலைக்கோழியில் ஆணுக்காகப் பெண்கள் சண்டை போடுகின்றன. பென்னாகரம் பக்கத்து ஏரிகளில் தாமரை இலை மேல் இலைக்கோழி நடப்பதைப் பார்த்தால், முட்டைமேல் உட்காருவது எது என்று நின்று கவனி. பரீட்சைத் தாளில் அந்த உதாரணத்தையே எழுது.